முதலாளியின் எடை

அந்த ஊர்ச் சந்தையில் அவரை எல்லோரும் சீல்காரர் என்றே அழைத்தார்கள். கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் அரசாங்க முத்திரை குத்துவதும், தப்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு போவதும் அவருடைய உத்தியோகம். இறைச்சிக் கடை முதல் பழைய இரும்புக் கடை வரைக்கும், எடை போட்டு விற்கிற எவரும் தூரத்தில் அவருடைய தோல்பையைக் கண்டால் ஒரு முறை தன் தராசைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். யோக்கியர்களும் பார்த்துக்கொண்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு ரகசியத் திருப்தி உண்டு.

அவருடைய தொழிலில் இரண்டே பதில்தான். சரி, இல்லாவிட்டால் தப்பு. ஒரு முறை மீன்கடைக்காரர் ஒருவர், “கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம் சார், பெரிசா ஒண்ணும் இல்ல” என்று குழைந்தார்.

“முன்னயா, பின்னயா?” என்று கேட்டார் சீல்காரர்.

கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

“உனக்கு முன்ன, வாங்குறவங்களுக்குப் பின்ன. எடு அந்தத் தராச.”

இந்தக் கதை சந்தையில் பல வருஷம் ஓடியது. ‘இருக்கலாம்’, ‘ஆகலாம்’, ‘பார்க்கலாம்’ என்று முடிகிற எந்தப் பேச்சும் அவருக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. தொழில்புத்தி என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். காரணம் அதைவிடப் பழையது. கல்யாணமான புதிதில் அவரும் அவர் மனைவியும் குழந்தைக்காக ஒவ்வொரு டாக்டர் வாசலாக ஏறி இறங்கினார்கள். எல்லா டாக்டர்களும் நல்லவர்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. ‘ஆகலாம்’ என்றார்கள், ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்றார்கள். அந்த ‘லாம்’மிலேயே இளமை போனது. கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை, வயசு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. மனைவி முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஆரம்பித்தாள்.

பூனை அவளுடைய தம்பி தயவில் வந்தது. தம்பிக்குத் தெரியாதது எதுவும் கிடையாது; கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டுவிடுவான். அநாதைப் பூனைகளைக் கூட்டமாக வைத்துப் பராமரிக்கிற ஓர் இடத்திலிருந்து, உயிர்களிடத்தில் அன்பு காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, சாம்பல் வரி போட்ட ஆண்குட்டி ஒன்றைத் தூக்கிவந்தான். அன்பு ஒரு வாரம் தாங்கியது. அதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்து, தும்மித் தும்மி மூக்கு பழுத்துவிட்டது. “அக்கா, ரெண்டு நாளைக்கு வச்சிரு” என்று கூடையோடு கொண்டுவந்து விட்டவன், அப்புறம் அந்தப் பூனையை மறந்துபோனான்.

குட்டி வந்த அன்றே தைத்து மடித்து வைத்திருந்த சீருடை அடுக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. ஒரு காலை நீட்டிக்கொண்டு மெஷினையே பார்த்தது.

“வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாக்குறாரு முதலாளி” என்றாள் மனைவி. பெயர் அதுவே நிலைத்துவிட்டது. முதலாளி சாப்பிட்டாரு, முதலாளி தூங்குறாரு, முதலாளி கோவமா இருக்காரு என்று அந்த வீட்டில் பூனைக்கு மரியாதை குறைவில்லாமல் நடந்தது. தான் இல்லாதபோது மனைவி தன்னைப் பற்றிப் பேசுகையில் அந்த ‘ரு’ வருகிறதா என்று சீல்காரருக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கும் பூனைக்கும் இருந்த ஒரே தொடர்பு ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு. வீட்டில் அவர் ஒரு தராசு வைத்திருந்தார், தன் கையால் சோதித்து முத்திரை குத்தியது. ஞாயிறு காலையில் பழைய செய்தித்தாளை விரித்து, முதலாளியைக் கழுத்துப்பிடியாகத் தூக்கி அதில் வைப்பார். முள் நின்றதும் எடையைச் சத்தமாகச் சொல்வார். கேட்க யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார். குட்டி வளர வளர எடையும் ஏறியது. பிறகு ஒரு ஞாயிறு நாலு கிலோ இருநூறு. அடுத்த ஞாயிறும் நாலு கிலோ இருநூறு. அதற்கடுத்ததும் அதேதான்.

“முதலாளி சரியாவே சாப்பிட மாட்டேங்குறாருங்க. மெஷின் மேல ஏறக்கூட இல்ல, மூலையிலயே சுருண்டு கிடக்குறாரு” என்றாள் மனைவி.

“எடை குறையல.”

“எடை கெடக்கட்டும். முகத்தைப் பாருங்க.”

“முகத்துக்கு அளவு கிடையாது” என்றார் சீல்காரர். “சாப்பிடாதவன் எப்படி அதே எடையில இருப்பான்? எங்கயோ வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு வர்றான்.”

சாப்பிடாத பூனைக்கு வயிறு மட்டும் உருண்டு வந்தது. கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் முதலாளியைப் பார்த்துவிட்டு, “என்ன, மாசமா இருக்கா? எத்தனை குட்டி போடுவா?” என்று கேட்டார். ஆண் பூனை என்று மனைவி சொன்னாள். “அப்படித்தான் சொல்லுவாங்க ஆரம்பத்துல” என்று அந்த அம்மா எல்லாம் தெரிந்த மாதிரிச் சிரித்துக்கொண்டே போனார். தம்பியைக் கேட்டதற்கு, தொலைபேசியிலேயே, “வயித்துல பூச்சிக்கா, நூத்துக்கு நூறு பூச்சிதான்” என்று அடித்துச் சொல்லி ஒரு மருந்தின் பெயரையும் சொன்னான். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சி ஒன்றும் விழவில்லை. வயிறு இன்னும் கொஞ்சம் பெருத்தது.

ஒரு சாயங்காலம் சீல்காரர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “முதுகைத் தொட்டுப் பாருங்க. தராசுல வைக்க வேணாம். தொட்டு மட்டும் பாருங்க.”

அவர் முதலாளியைத் தூக்கியிருக்கிறாரே தவிர, தடவியதில்லை. தயங்கித்தான் கையை வைத்தார். ரோமத்துக்கு அடியில் முதுகெலும்பு ரம்பப்பல் மாதிரி ஒவ்வொன்றாக இடறியது. தோள்பட்டை எலும்பு கத்திபோல நின்றது. தொடையில் சதையென்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்குக் கீழே வயிறு மட்டும் தண்ணீர் நிரப்பிய பைபோலத் தளும்பியது.

சீல்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. மேலே குறைந்ததைக் கீழே நிரப்பிக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறது. தட்டுக்கு அடியில் ஈயத்தை ஒட்டி முள்ளை நேராக நிறுத்துகிற வேலை. எத்தனையோ கில்லாடிகளைக் கையும் களவுமாகப் பிடித்தவர், சொந்த வீட்டில், சொந்தத் தராசில், ஞாயிறு தவறாமல் ஏமாந்திருக்கிறார். தராசு பொய் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் லீவு சொன்னார். அவர் லீவு போடுகிற வழக்கமே இல்லாததால் மேலதிகாரி காரணம் கேட்டார்.

“முதலாளிக்கு உடம்பு சரியில்ல சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“எந்த முதலாளி?” என்று கேட்டார் அதிகாரி. அதற்குள் பூனை கூடையிலிருந்து குதிக்கப் பார்க்க, சீல்காரர் போனை வைத்துவிட்டார். அன்று மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: இத்தனை வருஷம் ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காத சீல்காரருக்கும் எங்கேயோ ஒரு முதலாளி இருக்கிறார், பெரிய கையாம், உடம்பு முடியாவிட்டால் கூடவே ஓடுகிற அளவுக்கு நெருக்கமாம். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் மேல் முதன்முறையாக ஒரு பாசம் உண்டானது.

மிருக ஆஸ்பத்திரி ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது. உள்ளே பினாயில் வாசனை, நாய்கள் கீறிய பெஞ்சு, மேஜை மேல் யாருக்கும் அசையாத ஒரு கொழுத்த மஞ்சள் பூனை. டாக்டர் நடுவயதுக்காரர், முழங்கை வரை கீறல் தழும்புகள். முதலாளியைத் தராசில் வைத்தார். சீல்காரர் எட்டிப் பார்த்தார்.

“இந்தத் தராசு அம்பது கிராம் கூடக் காட்டுது டாக்டர்.”

“அம்பது கிராம் முன்னபின்ன பரவாயில்ல சார்.”

மனைவி சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஈறுகளைப் பார்த்தார். லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. காய்ச்சல் பார்த்தார். எவ்வளவு நாளாக, எங்கிருந்து வந்தது, என்ன வயசு என்று விசாரித்தார். வாராவாரம் எடை பார்த்ததாகவும் கொஞ்சமும் குறையவில்லை என்றும் சீல்காரர் தன் தரப்பைச் சொல்லிவைத்தார்.

“ஏறவும் இல்லல்ல?” என்றார் டாக்டர். “ஒரு வயசு ஆகாத பூனை சார். வளர்ற பையன். எடை அப்படியே நின்னதுதான் முதல் அடையாளம்.”

அதை அவர் யோசித்ததே இல்லை. நின்ற முள் என்றால் சரியான முள் என்பதுதான் அவர் படித்த பாடம்.

முதலில் கிருமிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் அசைந்துகொடுக்கவில்லை. மறுபடி போனபோது டாக்டர் வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. கையுறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து விரித்தார்; பசைபோல நூல் இழுத்தது.

“என்ன நினைக்கிறேன்னா,” என்று ஆரம்பித்தார், “எஃப்.ஐ.பி.யா இருக்கலாம்.”

‘லாம்’ விழுந்துவிட்டது. சீல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பூனைகளின் குடலில் சாதாரணமாக ஒரு வைரஸ் இருக்கும். கூட்டமாக வளர்கிற பூனைகளில் பாதிக்கு மேல் அது உண்டு. நாலு நாள் வயிற்றுப்போக்கு, அதோடு சரி. ஆயிரத்தில் ஏதோ சில பூனைகளின் உடம்புக்குள் மட்டும் அது திடீரென்று ரூபம் மாறி ரத்தத்தில் ஏறிவிடும். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோக்கும். சில பூனைக்கு நீரே கோக்காமல் கண்ணையும் மூளையையும் பிடிக்கும். முன்பெல்லாம் வந்தால் சாவுதான். இப்போது மருந்து இருக்கிறது; சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்க முடியும்.

“அப்ப கண்டுபிடிங்க. டெஸ்ட் எடுங்க. ஆமாவா இல்லையான்னு தெரிஞ்சிரும்ல?”

“அப்படி ஒரே டெஸ்ட் இதுக்குக் கிடையாது சார்.”

சீல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். பழைய டாக்டர் வாசல்கள் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் சுத்தமான தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு வினிகர் அமிலம் விட்டுக் கலக்கினார். அதன்மேல் முதலாளியின் வயிற்று நீரிலிருந்து ஒரே ஒரு துளி விட்டார். துளி கரையவில்லை. குட்டி ஜெல்லிமீன் மாதிரி உருவம் கலையாமல், வால் நூலை இழுத்துக்கொண்டு, மெதுவாக அடிக்கு இறங்கியது. சீல்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்தார். இதுதான் அவருக்குப் புரிகிற பாஷை.

“கரையல. அப்ப உறுதி?”

“இல்ல சார். கரைஞ்சிருந்தா, பெரும்பாலும் இந்த நோய் இல்லன்னு சொல்லியிருப்பேன். கரையாததால, இருக்கலாம்னு சொல்றேன்.”

“இல்லன்னா இல்லன்னு சொல்லும், ஆமான்னா ஆமான்னு சொல்லாது. இது என்ன டெஸ்ட்டு டாக்டர்?”

“நல்ல டெஸ்ட்டு சார். பாதி நல்ல டெஸ்ட்டு.”

ரத்தமும் நீரும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. வீட்டுக்கு வந்தால் தம்பி காத்திருந்தான். விஷயம் கேள்விப்பட்டுக் கைப்பேசியில் முழுசாகப் படித்து முடித்துவிட்டான். “என்ன மாமா, அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல போலிருக்கே. ஆன்ட்டிபாடி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. நானே ஏற்பாடு பண்றேன்” என்றான். தனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்து ஆளை வீட்டுக்கே வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்தான். பதில் வந்தது: பாஸிட்டிவ். தம்பி அந்தத் தாளை, தானே பரீட்சை எழுதிப் பாஸானவன் மாதிரி நீட்டினான். “பாத்தீங்களா மாமா? ஒரே வார்த்தை. இருக்கலாம், கிருக்கலாம்னு இழுவையே கிடையாது.”

சீல்காரருக்கு வருத்தத்தின் நடுவிலும் ஒரு நிம்மதி. கெட்ட செய்திதான், ஆனால் முத்திரை குத்தின செய்தி. அந்தத் தாளையும் முதலாளியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்; மனைவியும், டெஸ்ட் எடுக்க வைத்த பெருமையோடு தம்பியும் கூட வந்தார்கள்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, மேஜை மேல் படுத்திருந்த மஞ்சள் பூனையைக் காட்டினார். “இவருக்கும் பாஸிட்டிவ்தான் சார். எட்டு வயசாகுது. பாருங்க, திங்கிறதையும் தூங்குறதையும் தவிர ஒரு வியாதியும் கிடையாது.”

மஞ்சள் பூனை தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

“அந்த வைரஸை எப்பவோ ஒரு தடவை சந்திச்சிருக்குன்னுதான் இந்தத் தாள் சொல்லுது. அது ரூபம் மாறிச்சா இல்லையான்னு சொல்லாது. ஊருல இருக்கற பூனைல பாதிக்கு இப்படித்தான் வரும்.”

“அப்ப இந்தத் தாளுக்கு என்னதான் அர்த்தம்?”

“உங்க மச்சானுக்கு ஆர்வம் அதிகம்னு அர்த்தம்” என்றார் டாக்டர்.

பிறகு ஆய்வுக்கூடத்து முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ரத்தத்தில் ஒரு வகைப் புரதம் ஏறி, இன்னொன்று இறங்கியிருக்கிறது. ரத்தசோகை இருக்கிறது. வயிற்று நீரில் அந்த வைரஸின் தடயம் நிறையவே இருக்கிறது. சின்ன வயசு. கூட்டத்திலிருந்து வந்த ஆண் பூனை. எந்தக் கிருமி மருந்துக்கும் மசியாத காய்ச்சல். “ஒவ்வொண்ணாப் பாத்தா ஒண்ணும் முடிவு சொல்லாது சார். ஆனா எல்லாம் சேந்து ஒரே பக்கம் கையைக் காட்டுது. நான் மருந்து ஆரம்பிச்சிரலாம்னு சொல்றேன். தள்ளிப்போட்டா நமக்கு நேரம் இல்ல.”

“நூத்துக்கு நூறு உறுதியாச் சொல்ல யாராலயும் முடியாதா?”

“முடியும். உள்ள இருந்து சதையை அறுத்தெடுத்துப் பாக்கணும். இப்ப இருக்கற நிலைமையில மயக்க மருந்து கொடுத்தா முழிக்குமான்னு தெரியாது. இல்லன்னா செத்தப்புறம் பாக்கலாம். அப்ப ரொம்பத் தெளிவாத் தெரியும்.”

சந்தேகம் இருக்கிற தராசுக்கு ஒரு நாளும் சீல்காரர் முத்திரை குத்தியதில்லை. இந்த டாக்டர் சந்தேகத்தின் மேலேயே முத்திரை குத்தச் சொல்கிறார். மேஜையில் முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு இப்ப உறுதி வேணுமா, பூனை வேணுமா?”

குரலை உயர்த்தக்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இப்படி ஒரு தட்டில் ஏற்றி வைத்ததில்லை.

“மருந்து எழுதுங்க டாக்டர்” என்றார்.

மருந்தின் விலையைக் கேட்டபோது கூட வந்திருந்த தம்பி மெதுவாக எழுந்து, ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே போனான். அன்றைக்கு அவன் போன் முடியவே இல்லை.

மாத்திரை தினமும் ஒரே நேரத்தில், மூன்று மாதம், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. எடைக்குத் தகுந்த அளவு. எடை மாறினால் அளவும் மாற வேண்டும். “என் தராசு வேணாம், உங்க தராசுலயே பாத்துச் சொல்லுங்க” என்று டாக்டர் சொன்னது சீல்காரருக்குப் பிடித்திருந்தது. கொடுக்கிற பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. முதல் நாள் முயன்ற மனைவி, பூனை நுரை தள்ளியதைப் பார்த்து அழுதுவிட்டாள். ஆகவே அவர் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன், சட்டை கசங்காமல் இருக்கப் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, முதலாளியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, வாயைப் பிளந்து மாத்திரையை உள்ளே தள்ளித் தொண்டையைத் தடவுவார். முதலாளி ரகளை செய்யும். முடிந்ததும் மனைவி ஓடிவந்து அதை அள்ளிக்கொண்டு, “அடப் பாவமே, என்ன பண்ணாங்க உங்கள?” என்று கொஞ்சுவாள். பூனை அவள் தோளில் முகத்தைப் புதைத்தபடி அவரை முறைக்கும். நோயைக் கொடுத்தவரே இவர்தான் என்று அது முடிவு கட்டிவிட்டது. அதற்கு எந்த டெஸ்ட்டும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று சாயங்காலம் முதலாளி தானாக எழுந்து தட்டுக்குப் போய்க் கொஞ்சம் சாப்பிட்டது. மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஞாயிறு தராசில் வைத்ததும் சீல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடை சரசரவென்று இறங்கியிருந்தது. உடனே டாக்டருக்குப் போன் போட்டார்.

“டாக்டர், எடை குறையுது! சாப்பிட்டும் குறையுது!”

“வயிறு எப்படி இருக்கு?”

அவர் பார்த்தார். வயிறு வற்றி, இரண்டு பக்கமும் உள்வாங்கியிருந்தது.

“நீர் இறங்குது சார். இப்ப காட்டுறதுதான் உங்க பூனையோட நிஜ எடை. இதுவரைக்கும் தண்ணியைத்தான் நிறுத்துட்டு இருந்தீங்க. சந்தோஷப்படுங்க.”

எடை குறைந்ததற்குச் சந்தோஷப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். முயன்று பார்த்தார். மனைவியிடம் எடையைச் சத்தமாகச் சொன்னார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அதற்குப் பிறகு முள் வாரத்துக்கு வாரம் நேர்மையாக ஏறியது. முதுகில் சதை பிடித்தது. அவர் இப்போது தராசில் வைப்பதற்கு முன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பழக்கமாகிவிட்டது.

மாத்திரை முடிந்து ரத்தம் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. “மருந்து கேட்டுச்சு பாத்தீங்களா, அதுவே பெரிய சாட்சி சார்” என்றார் டாக்டர்.

“அப்ப, அந்த நோய்தான்னு இப்பவாவது உறுதியாச் சொல்லலாமா?”

“கிட்டத்தட்ட” என்றார் டாக்டர். இன்னும் மூன்று மாதம் கண்காணிக்க வேண்டும், திரும்பி வந்தாலும் வரலாம், வராமலே போனாலும் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். சீல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் வாயிலிருந்து ஒரு சண்டையும் கிளம்பாததைக் கண்டு, மனைவி அவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

முதலாளி தேறியது பற்றி அவரவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தான் எடுக்க வைத்த டெஸ்ட்டில்தான் நோய் பிடிபட்டது என்று தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். வயிறு வற்றியதைப் பார்த்த கீழ்வீட்டு அம்மா, குட்டிகளை யாருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று மனஸ்தாபப்பட்டார். அலுவலகத்தில், “முதலாளி எப்படி இருக்காரு?” என்று மேலதிகாரி ரகசியமாக விசாரித்தார். “நல்லா இருக்கான் சார், நாலரை கிலோவுக்கு வந்துட்டான்” என்று சீல்காரர் சொன்னதும், அதிகாரி அவர் தோளைத் தட்டி, நீங்களும் சில நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கண்காணிப்புக் காலமும் ஒரு வழியாக முடிந்தது. நோய் திரும்பவில்லை. அந்த வாரம் ஒரு நாள் காலையில் சீல்காரர், கையில் மாத்திரை இல்லாமல், துண்டு போர்த்தாமல், சும்மா அன்பாக மட்டும் முதலாளியின் முதுகில் கையை வைத்தார். முதலாளி திரும்பி ஒரே கடி. நாலு பல்லும் பதிந்தது. அத்தனை நாள் கடனை வட்டியோடு தீர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. தாடையில் என்ன பலம்! ரத்தம் சொட்டச் சொட்ட அவர் மனைவியிடம் ஓடி, “பாத்தியா, எப்படிக் கடிக்கிறாரு பாத்தியா!” என்று காட்டினார். முதன்முறையாக அவர் வாயிலும் அந்த ‘ரு’ வந்துவிட்டது. மனைவி அவர் கையைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

மனுஷ ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. ஊசி போடுகிற நர்ஸ் நிமிராமலே கேட்டார்.

“கடிச்ச பூனைக்கு ஏதாவது நோய் உண்டா?”

“அது எப்படிங்கன்னா,” என்று ஆரம்பித்தார் சீல்காரர். “இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. எல்லாப் பூனைக்கும் குடல்ல ஒரு வைரஸ் இருக்கும், அது தப்பு இல்ல. சிலதுக்கு மட்டும் ரூபம் மாறிரும். ரத்தத்தை மட்டும் வச்சுச் சொல்லிர முடியாது, வயித்து நீரையும் சேத்துப் பாக்கணும். அதுல ஒரு துளியை எடுத்து வினிகர் தண்ணியில விட்டா…”

பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் ஊசியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“அதெல்லாம் வேணாம் சார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்குப் போட்டிருக்கா? ஆமாவா, இல்லையா?”

“ஆமா” என்றார் சீல்காரர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

வலது கையில் கட்டோடு வீடு திரும்பியபோது முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போட இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்திருந்த அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் முதலாளி முழு நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றார். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அவர் அலமாரியிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, தோல்பையை இடது கையில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.